மூன்றாம் எண் வண்டி

விசாகப்பட்டினம்
12.2.2025

அண்ணனுக்கு யுவராணியின் வணக்கம். நீயும் அண்ணியும் குட்டி வைஜெயந்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அவரும் இங்கே சுகம்.

நாலு வருஷமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று முகம் சுளிப்பாய். பாதி ஆபீஸ் விஷயம், பாதி என் விஷயம். ஆபீஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காகவாவது கிழிக்காமல் படிப்பாய்.

எங்கள் கம்பெனி ஒரு நீர்மூழ்கி வண்டி செய்திருக்கிறது. ஆள் கிடையாது, கயிறு கிடையாது. கப்பலில் இருந்து ரசாயனம் கடலில் கொட்டிவிட்டால் தானாகவே உள்ளே போய், எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். மஞ்சள் நிறம், இரண்டு ஆள் நீளம் இருக்கும். மொத்தம் மூன்று வண்டிகள். அதன் பாதையை எழுதித் தருவது என் வேலை. மார்ச் மாதம் மரக்காணத்துக்கு நேரே ஐந்து மைல் தள்ளிச் சோதனை நடக்கப்போகிறது. நிஜ ரசாயனம் எதையும் கொட்ட மாட்டோம், சிவப்புச் சாயம்தான். கடல் சிவந்தால் பயப்பட வேண்டாம் என்று குப்பத்தில் சொல். வண்டி வலையில் சிக்கினால் அறுத்து விட்டுவிடச் சொல்.

என் விஷயம் இவ்வளவுதான். அந்தக் கரைக்கு அவ்வளவு கிட்டத்தில் வரப்போகிறேன். வீட்டுக்கு வர முடியாது என்று தெரியும். தெரிந்தும் எழுதத் தோன்றியது.

பதில் வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

உன் தங்கை,
யுவராணி


மரக்காணம்
23.2.2025

தங்கச்சி யுவராணிக்கு விஜயகுமார் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்மேன் உன் கடிதத்தை நீட்டியபோது வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கரண்ட் பில் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வருத்தப்பட மாட்டேன் என்று நீ எழுதினால் வருத்தப்படுவாய் என்று அர்த்தம். அது எனக்கு நீ பாவாடை கட்டின நாளில் இருந்தே தெரியும். உன் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அது அப்படியேதான் இருக்கும். நீ இடையஞ்சாவடிப் பையனைப் பதிவு ஆபீஸில் கட்டிக்கொண்டு போன அந்த வாரம், ஊர் கூடி என்னை மாரியம்மன் முன்னால் நிறுத்தியது. இனி அவளோடு பேச மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் யார் பேசினாலும் நான் பேசியதுபோலத்தான். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஊர்த் தலைவர் என்று பேர்தான், நாட்டார் கலியபெருமாளுக்கு அவ்வளவு தூரம் யோசனை போகாது.

சாய விஷயத்தைக் குப்பத்தில் சொல்லிவிட்டேன். கம்பெனி ஆள் சொன்னதாகச் சொன்னேன், உன் பேரை எடுக்கவில்லை. அண்ணிக்கு உப்பளத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது. நீ எழுதினதைப் பார்த்ததும் அழுதாள், பிறகு மீன் குழம்பில் உப்புப் போட மறந்தாள். உப்பளத்துக்காரி வீட்டில் உப்பில்லாத குழம்பு. வைஜெயந்தி ஐந்தாவது படிக்கிறாள், வாய் உன்னைப் போலவே.

அண்ணன்,
விஜயகுமார்


கப்பலில் இருந்து
24.3.2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். வைஜெயந்திக்கு என் முத்தம். இங்கே எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் இரண்டு நாள் வாந்தி. குப்பத்தில் பிறந்தவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கப்பலே சிரித்தது. அவர் இந்தக் கப்பலில் கிரேன் ஓட்டுகிறார், அவரும் சேர்ந்து சிரித்தார்.

சோதனை நன்றாக முடிந்தது. சாயத்தைக் கொட்டி, அது மூன்று மைல் பரவும்வரை காத்திருந்து, வண்டிகளை இறக்கினோம். முதல் இரண்டும் சொன்ன வழியில் போய்வந்தன. மூன்றாம் எண் வண்டி நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி அங்கேயும் இங்கேயும் வளைந்து, சாயம் அதிகமாக இருந்த இடத்தில்தான் போய் நின்றது. அது நான் எழுதின பாதை. பெரிய இன்ஜினியர் என் முதுகில் தட்டினார். பாட்டில்களின் மேல் எண் எழுதுவதும் நான்தான், என் கோணல் கையெழுத்தைப் பார்த்தும் சிரிக்கிறார்கள்.

காலையில் பைனாகுலரில் நம் கரையைப் பார்த்தேன். கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. படகுகள் வரிசையாக நின்றன. உன் படகு எது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை.

யுவராணி


மரக்காணம்
9.4.2025

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். வாந்தி நின்றதா? இஞ்சியைத் தட்டி வாயில் அடக்கிக்கொள்.

என் படகு இடமிருந்து ஏழாவது. நீலப் பெயிண்ட் உதிர்ந்து வெள்ளையாகத் தெரிந்திருக்கும்.

கடல் சிவந்ததை எல்லோரும் பார்த்தோம். முதல் நாள் பயந்தார்கள், மறுநாள் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடினார்கள். கம்பெனிக்காரன் விட்ட சாயம், ஒன்றும் செய்யாது என்று இப்போது குப்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வண்டி வலையில் சிக்கினால் அறுத்து விடு என்றாய். அதில் ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஜெயப்பிரகாஷ் வலையில் ஒரு நீளமான இரும்புக் குழாய் வந்தது, ஒயர் எல்லாம் தொங்கிக்கொண்டு. யோக்கியமாகக் கொண்டுபோய் போலீசிடம் ஒப்படைத்தான். எந்த நாட்டுக்காரன் கொடுத்தான் என்று நாலு நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள். படகை ஆறு மாதம் விடவில்லை. அவன் பெண்சாதி கருவாடு விற்றுச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு நாட்டார் கோயிலில் வைத்து ஊர்க்கட்டுப்பாடு போட்டுவிட்டார். வலையில் மீன் தவிர எது வந்தாலும் வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை. உன்னால் ஏற்கனவே ஒரு தடவை தலை குனிந்து நின்றவன் நான். அதனால் உன் வண்டி என் வலைக்கு வராமல் இருப்பது நல்லது.

விஜயகுமார்


விசாகப்பட்டினம்
5.6.2025

அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் சுகம்தானே? இந்தத் தடவை இந்தக் கேள்வியை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

போன மாதக் கடைசியில் நம் பக்கத்துக் கடலில் ஒரு சரக்குக் கப்பலில் இருந்து கன்டெய்னர்கள் விழுந்த சேதி பேப்பரில் வந்திருக்கும். மூன்று வண்டிகளையும் இறக்கினோம். இந்தத் தடவை சாயம் இல்லை. இரண்டு திரும்பி வந்தன. மூன்றாம் எண் வரவில்லை. ஏதோ கோளாறாகி மேலே மிதந்து காற்றோடு போயிருக்கும் என்கிறார்கள். என் பாதையில்தான் தப்பு என்றும் சொல்கிறார்கள். என்னை இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள்.

அண்ணே, கொஞ்ச நாளைக்கு நண்டு, இறால், அடியில் கிடக்கும் மீன் எதையும் சாப்பிடாதீர்கள். ஏன் என்று கேட்காதே. விழுந்தது என்ன என்று வெளியே சொல்ல மாட்டோம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கப்பல்காரன் மேல் வழக்கு நடக்கிறது. மீறினால் வேலையும் போகும், கேசும் வரும்.

வண்டியைக் கரையில் யாராவது பார்த்தார்களா என்று மட்டும் விசாரித்து எழுது.

யுவராணி


மரக்காணம்
16.6.2025

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் விஜயகுமார் எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் மிகவும் சுகம். உப்பு நன்றாக விளைகிறது, வெயில் நன்றாக அடிக்கிறது, மாரியம்மன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை.

நீ கேட்டபடி விசாரித்தேன். இந்தப் பக்கம் அப்படி எதுவும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. கைப்பாணிக்குப்பம் வரைக்கும் கேட்டுவிட்டேன்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்த மாதிரி வண்டி தரையில் கிடந்தால் தான் இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமா? உப்பு மூடிக்கிடந்தாலும் சொல்லுமா? அதன் பேட்டரி வெடிக்குமா? வைஜெயந்தி பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுத வேண்டுமாம், அதற்காக.

அடி மீன் சாப்பிடாதே என்றால் குப்பத்தில் எதைச் சாப்பிடுவது? கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்கிறாய். சரி, போட்டது போட்டதுதான். என் சத்தியம் எனக்கு, உன் கையெழுத்து உனக்கு.

விஜயகுமார்


விசாகப்பட்டினம்
30.6.2025

அண்ணனுக்கு வணக்கம். உங்கள் சுகம் பற்றி நீ எழுதினதை மூன்று தடவை படித்தேன். நீ இவ்வளவு சுகமாக எப்போதும் இருந்ததில்லை.

வைஜெயந்தி கட்டுரைக்கு: பேட்டரி தீர்ந்தால் வண்டி பேசாது. வெடிக்காது. ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு உப்பு மூடிக்கிடப்பது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, கெட்டிக்காரிதான்.

அண்ணே, நான் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன். வண்டி யாரிடமாவது இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடு. அதன் வயிற்றில் பன்னிரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. அவற்றைத் திறக்கவே கூடாது. திறந்தால் கோர்ட்டில் சாட்சி செல்லாமல் போய்விடும். வண்டியை ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரம் போட்டுவிட்டுப் போனாலும் போதும், யார் என்று கேட்க மாட்டார்கள்.

ஜூலை பத்தாம் தேதி நாங்கள் இருவரும் அந்தமான் பக்கம் கப்பலில் போகிறோம். திரும்ப செப்டம்பர் ஆகிவிடும். கடிதம் வந்தால் வீட்டுக்கார அம்மா வாங்கி வைப்பார்.

யுவராணி


மரக்காணம்
21.7.2025

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நானும் வைஜெயந்தியும் சுகம். நீ இதை எப்போது படிப்பாயோ.

கோர்ட், சாட்சி என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு எந்த மடையன் வண்டியை வெளியே எடுப்பான்? ஜெயப்பிரகாஷுக்கு ஸ்டேஷன், இவனுக்குக் கோர்ட்டா? யாரிடம் இருந்தாலும் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் நினைப்பான். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

அண்ணிக்கு உடம்பு சரியில்லை. மூன்று வாரமாகத் தலைவலி. உப்பு வாரும்போது மூச்சு வாங்குகிறது, பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். உதடு கறுத்திருக்கிறது, நகமும் நீலம் பாரித்த மாதிரி இருக்கிறது. வெயில் என்கிறாள். மரக்காணத்தில் டாக்டர் ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தின்கிறாள். மாத்திரையால் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் சொன்னாள்.

விஜயகுமார்


மரக்காணம்
4.8.2025

அன்புள்ள யுவராணிக்கு அண்ணி தெய்வநாயகி எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லா இருக்கணும். எனக்கு உடம்பு முன்னப்பின்ன இருக்கிறது, சரியாகிவிடும்.

இந்தக் கடிதம் உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. வைஜெயந்தியை விட்டு பார்சலை மரக்காணம் போஸ்டாபீசில் போடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இருக்கிறது. செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு நானே காய்ச்சினது. உனக்கு முடி கொட்டுகிறது என்று கல்யாணத்துக்கு முன்னால் சொல்வாய்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டோம் என்று மனசு அறுக்கிறது. உன் மஞ்சள் வண்டி எங்களிடம்தான் இருக்கிறது. ஜூன் ரெண்டாம் தேதி விடியலில் உங்கள் அண்ணன் வலையில் வந்தது. ஊரே சேர்ந்து தூக்கிவந்து உப்பளத்தில் உப்புக் குவித்த அம்பாரத்துக்கு அடியில் புதைத்து, மேலே உப்பைக் கொட்டிக் கீற்றுப் போட்டு மூடிவிட்டார்கள். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது என்று நாட்டார் உத்தரவு. உனக்கு வேலை போய்விடுமோ என்று உங்கள் அண்ணன் தூங்குவதே இல்லை. அவரைத் திட்டாதே.

புதைப்பதற்கு முன்னால் நான் ரெண்டு பாட்டில் எடுத்துக்கொண்டேன். மூடி அவ்வளவு இறுக்கம், நல்ல பாட்டில். உள்ளே கடல் தண்ணீரும் அடியில் மஞ்சளாக எண்ணெய் மாதிரியும் இருந்தது. கொட்டிவிட்டுக் கழுவினேன். எவ்வளவு கழுவியும் வாசனை போகவில்லை. பாதாம் பருப்பு மாதிரி நல்ல வாசனைதான், சாயத்தில் கலக்கிறதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதிலேயே எண்ணெயை ஊற்றி வைத்தேன். என் பாட்டிலை ரெண்டு மாசமாகத் தேய்க்கிறேன். உப்பளத்துப் பெண்கள் எல்லாம் என்ன சென்ட்டு என்று கேட்கிறார்கள். இன்னொரு பாட்டில் உனக்கு.

உங்கள் அண்ணன் பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அப்புறம் விட்டுவிட்டார்.

அண்ணி,
தெய்வநாயகி


மரக்காணம்
19.8.2025

யுவராணிக்கு.

தெய்வநாயகி போய்விட்டாள். பதினாலாம் தேதி மத்தியானம், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் வைத்தும் உதட்டு நிறம் மாறவில்லை. முதலில் இதயம் என்றார்கள், பிறகு ரத்தம் என்றார்கள், கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை.

கருமாதி இருபத்தொன்பதாம் தேதி. நீ கப்பலில் இருப்பாய். இருந்தாலும் வர முடியாது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது கை ஓடவில்லை. பிறகு எழுதுகிறேன்.

வைஜெயந்தி சாப்பிடுகிறாள்.

விஜயகுமார்


விசாகப்பட்டினம்
6.9.2025, பகல் 12 மணி

அண்ணே,

சுகம் கேட்க நேரமில்லை. இது தபாலில் வராது. எழுதிப் படம் பிடித்து இடையஞ்சாவடிக்குப் போனில் அனுப்புகிறேன். என் கொழுந்தனார் சுப்ராயன் தாளில் எடுத்து உன் கையில் கொடுப்பார். முதலில் அடுத்த ஐந்து வரியைப் படி, படித்ததைச் செய், மற்றதைப் பிறகு படி.

அண்ணியின் எண்ணெய் பாட்டிலில் இருப்பது விஷம். யாரும் தொடக் கூடாது, முகரக் கூடாது. யார் தலையிலாவது அது பட்டிருந்தால் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தத் தாளைக் காட்டு. அதன் பெயர் நைட்ரோபென்சீன். இது ரத்தத்தை மூச்சு ஏந்த முடியாமல் செய்துவிடும், மெத்திலீன் நீலம் என்ற ஊசிதான் மருந்து என்று டாக்டரிடம் சொல்.

நேற்று மாலை கப்பலில் இருந்து வந்தேன். உன் இரண்டு கடிதங்களும் அண்ணியின் பார்சலும் இருந்தன. நீ கடைசியாக எழுதினதைத்தான் முதலில் பிரித்தேன். அதோடு படுத்துவிட்டேன். இன்று பதினொரு மணிக்குத்தான் பார்சலைப் பிரித்தேன். பாட்டிலின் மேல் மூன்று, ஏழு என்று என் கையெழுத்தில் எண் இருந்தது. மூடியைத் திறக்காமலே வாசனை வந்தது. உன் போனுக்கு அடித்தேன், போகவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி உனக்கு எழுதினபோது, பாட்டிலில் இருப்பது விஷம் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டுச் சாட்சி கெட்டுவிடும் என்று வேறு தாளில் எழுதினேன். கையெழுத்துப் போட்டதற்குப் பயந்தேன். வண்டி உன்னிடம்தான் இருக்கிறது என்று அப்போதே எனக்கு முக்கால்வாசி தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. ஒரே ஒரு சொல். அண்ணியைக் கொன்றவள் நான்.

இன்றைக்கு ரயில் ஏறுகிறேன். நீ பேச வேண்டாம். என்னை விரட்டாமல் இருந்தால் போதும்.

யுவராணி


மரக்காணம்
3.10.2025

யுவராணிக்கு அண்ணன் எழுதுவது. நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். வைஜெயந்தி நன்றாக இருக்கிறாள், மாதம் ஒரு முறை ரத்தம் சோதிக்க வேண்டுமாம்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ டீ வாங்கி வைத்தாய், நான் குடித்தேன். வாய் திறக்கவில்லை. சத்தியத்துக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சத்தியத்தை என்றைக்கோ மறந்துவிட்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை, அதனால்தான்.

வண்டியை உங்கள் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டேன். நானே மண்வெட்டி எடுத்துப் போய் உப்பைத் தள்ளினேன். ஊர் முழுக்க நின்று பார்த்தது, யாரும் கை கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மறுநாள் நாட்டார் ஆள் அனுப்பிவிட்டார். இப்போது எங்களுக்கு ஊர்க்குழாயில் தண்ணீர் இல்லை. ஜெயப்பிரகாஷ் பெண்சாதி மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு குடம் கொண்டுவந்து பின்பக்கம் வைக்கிறாள்.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு சொல்லை நீ எழுதியிருக்க வேண்டும். ஆனால் நீ மட்டும் கொன்றாய் என்று எழுதியிருக்கிறாயே, அதை ஒத்துக்கொள்ள முடியாது. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு எழுதுகிறேன் என்று சொன்னது அதுதான். நீ வருவதற்கு முன் நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சுப்ராயன் வந்தபோது மணி நாலு இருக்கும். நான் கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து வரியைப் படித்ததும் ஓடினேன். வைஜெயந்தி வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். மடியில் அந்தப் பாட்டில் இருந்தது. அம்மா உயிரோடு இருந்தவரை அவள் எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் ஓடுகிற பிள்ளை. கருமாதி முடிந்த அன்றிலிருந்து தினமும் அதைத்தான் தேய்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. நான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. ஏன் தேய்ச்சே என்று கேட்டேன்.

"அம்மா வாசனை வருதுப்பா," என்றாள்.

உதட்டைப் பார்த்தேன். அதே நிறம். இரண்டு நாளாகத் தலை வலித்ததாம், அப்பாவே அழுதுகொண்டிருக்கிறார் என்று சொல்லவில்லையாம்.

நீ எழுதினபடி சோப்புப் போட்டுக் கழுவினேன். சுப்ராயன் பைக்கில் நடுவில் அவளை உட்கார வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி போனோம். அண்ணியைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரி, பார்த்தவரும் அதே டாக்டர்தான். தாளை நீட்டினேன். அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். ஊசியில் ரத்தம் எடுத்தார், காப்பி டிக்காஷன் நிறத்தில் வந்தது. அண்ணிக்கும் அப்படித்தான் வந்தது. நீல மருந்தைக் கையில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம், யுவராணி. ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் உதடு சிவந்துவிட்டது. அப்பா பசிக்குது என்றாள். அண்ணி ஏழு வாரம் கிடந்தாள்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். ஆகஸ்ட் மாதம் அண்ணியைச் சேர்த்த அன்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மருந்து, கெமிக்கல் ஏதாவது இவங்க மேல பட்டுச்சா, யோசிச்சுச் சொல்லுங்க என்று இரண்டு தடவை கேட்டார். எனக்குப் பாட்டில் ஞாபகம் வந்தது. கூடவே நாட்டார் ஞாபகமும் வந்தது. இல்லீங்க, உப்புதான் என்று சொன்னேன். அண்ணி கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தாள். புருஷன் சொன்னதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவரும் அதை மறக்கவில்லை.

"அன்னிக்கே உங்களைக் கேட்டேனே," என்றார்.

"கேட்டீங்க," என்றேன்.

அவர் உன் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, உள்ளே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

விஜயகுமார்